நாலாவது இட்லி

சர்க்கரை நோய் வந்த மாசிலாமணிக்கு வேளைக்கு மூன்று இட்லிதான் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். எண்ணிக் காவல் இருக்கும் வேலை குட்டி மகள் நிறைமதிக்கு. அந்தப் பிள்ளைக்கு, பாவம், மூன்று வரைதான் தெரியும். மூன்று முடிந்ததும் மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிப்பாள். அப்பா தினமும் ஆறு தின்றுவிட்டு, "என் கணக்குப் புலி!" என்று அவளைக் கொஞ்சுவார். சர்க்கரை இறங்காததைப் பார்த்த அம்மா, புளியங்கொட்டையைப் பரப்பி நாலையும் சொல்லிக்கொடுத்துவிட்டாள்.

மறுநாள் அப்பாவின் கை நீண்டது.

"அது நாலுப்பா! அம்மாவக் கூப்பிடவா?"

"மெதுவாடி, தங்கம்."

அவள் அடுக்களையை எட்டிப் பார்த்தாள். இட்லியை இரண்டாகப் பிய்த்து, ஒன்றை அவர் தட்டில் வைத்தாள்.

"பாதிய எண்ண அம்மா இன்னும் சொல்லித்தரலப்பா."

பாத்திரத்தில் இன்னும் எத்தனை பாதி இருக்கிறது என்று அப்பா எண்ணத் தொடங்கினார்.