நொய்

குழந்தைகளின் வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் பொடியில் இருப்பது உயிருள்ள பாக்டீரியா. அதற்கு மலிவான தீனி தேடி மருந்துக் கம்பெனி ஆய்வாளர் மங்கையர்க்கரசி பட்ட பாடு கொஞ்சமல்ல. வெளிநாட்டுத் தீனியில் வளர்த்தால் ஏழைகளுக்கு விலை கட்டுப்படியாகாது. கடைசியில் அரிசி ஆலை நொய்யைக் காய்ச்சி வளர்ப்புத் தொட்டியில் ஊற்றினாள். மறுநாளே பாக்டீரியா பெருகி, தொட்டி பாலாய்க் கலங்கி நுரைத்தது. கம்பெனி அவளுக்குப் பொன்னாடை போர்த்தியது. வட்டாரத்து ஆலைகளின் நொய் முழுவதையும் பேசி எடுத்துக்கொண்டது.

மழை பொய்த்த கோடையில், பொடியை இலவசமாகக் கொடுக்க அவளே சூளைமேட்டுக் குடிசைகளுக்குப் போனாள். முதல் குடிசையில் செங்கமலம் மடியில் துவண்ட பிள்ளையோடு உட்கார்ந்திருந்தாள்.

"இதக் கஞ்சியில கலந்து குடும்மா. ரெண்டு நாள்ல நின்னுடும்."

செங்கமலம் பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ரேஷன் அரிசி தீந்துபோச்சும்மா. நொய்யாவது வாங்கலாம்னு மில்லுக்குப் போனா, எல்லாம் மருந்துக் கம்பெனிக்குப் போயிடுதாம். வெறுந்தண்ணியில கலந்து குடுத்தா கேக்குமா?"

மங்கையர்க்கரசி பிள்ளையின் வயிற்றில் கை வைத்தாள். அது முதுகோடு ஒட்டிக் கிடந்தது. அடுத்த குடிசை வாசலில் இன்னொருத்தி, பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, மங்கையர்க்கரசி வருவதற்காகக் காத்து நின்றாள்.