தானே கற்றுக்கொண்ட காது மெஷின்

தணிகாசலத்தின் புதுக் காது மெஷின் தானே கற்றுக்கொள்ளும் ரகம். மிக்சி, மின்விசிறி, தெரு லாரி என்று எல்லா இரைச்சலையும் விலக்கி, வேண்டிய குரலை மட்டும் பிரித்துக் கொடுக்கும். பேரன் கிசுகிசுத்தால்கூடத் திரும்பிவிடுவார். அதே காதில் தொற்றிக்கொண்டிருந்த மூக்குக்கண்ணாடிக்கு அதைப் பற்றி ஒரே பெருமை.

அன்று அவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தபோது, குளியலறையில் வழுக்கி விழுந்த மனைவி செண்பகம், "என்னங்க... என்னங்க..." என்று ஈனக்குரலில் கூப்பிட்டாள். அவர் அசையவில்லை.

"அடப்பாவி! அந்தம்மா கூப்பிடறது உனக்குக் கேக்கலையா?" என்று பதறியது மூக்குக்கண்ணாடி.

"நல்லாவே கேக்குது," என்றது மெஷின். "ஆனா நான் வந்த நாளிலிருந்து அந்தக் குரலுக்கு இவர் திரும்பினதே இல்லையே. அதையும் இரைச்சல் கணக்குலதான் சேர்த்திருக்கேன்."

கண்ணாடி அதிர்ந்து மூக்கிலிருந்து நழுவியது. அவர் அதை ஏற்றிவிட்டுக்கொண்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.