ஏழாவது கேள்வி

ஏழாவது கேள்விக்கு எதிரே 'இல்லை' என்ற கட்டத்தில் டிக் போட்டுவிட்டு, ஜெயசுதா படிவத்தை நிலாவின் பக்கம் திருப்பி வைத்தாள்.

'மருந்தின் அளவைத் தனியாகக் கணக்கிட இவரை நம்பலாமா?' என்பது கேள்வி.

செஞ்சியில், திண்டிவனம் சாலையோரம் இருபது படுக்கைகள் கொண்ட தனியார் ஆஸ்பத்திரி அது. ஜெயசுதா அங்கே தலைமை நர்ஸ். நிலா அவளுக்குக் கீழே எட்டு மாதமாக வேலை பார்ப்பவள். பாண்டிச்சேரியில் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் ஐசியுவில் நிலாவுக்கு இடம் கிடைத்திருந்தது. திங்கட்கிழமை சேர வேண்டும். அதற்கு முன் தலைமை நர்ஸ் இந்தப் படிவத்தை நிரப்பித் தர வேண்டும்.

நிலா படித்துவிட்டுச் சிரித்தாள்.

"அக்கா, டிக்க மாத்திப் போட்டுட்டீங்க."

"மாத்திப் போடல நிலா. உக்காரு."

அவசரத்தில் நிலாவுக்கு எண்கள் இடம் மாறிவிடும். போன வியாழக்கிழமை தொண்டூரிலிருந்து காய்ச்சலோடு ஒரு குழந்தை வந்தது. 1.2 மில்லி எடுக்க வேண்டிய மருந்தை ஊசியில் 2.1 எடுத்து வைத்திருந்தாள். ஜெயசுதா அவளை மூன்றாம் படுக்கைக்கு அனுப்பிவிட்டு, அதைக் கொட்டி வேறு ஊசி நிரப்பிப் போட்டாள். குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. நிலாவுக்கு ஒன்றும் தெரியவில்லை.

எட்டு மாதத்தில் இப்படிப் பதினோரு முறை.

ஒவ்வொரு முறையும் ஷிப்ட் முடிகிறபோது, "நல்லா பண்ற நிலா" என்று சொல்லித்தான் ஜெயசுதா அவளை வீட்டுக்கு அனுப்பியிருக்கிறாள்.

ஜெயசுதா இதையெல்லாம் சொல்லி முடித்தபோது நிலாவின் முகம் சிவந்திருந்தது.

"நீங்க நல்லா பண்றேன்னு சொன்னதாலதான்க்கா ஐசியுவுக்கே அப்ளை பண்ணேன். அங்க என் பின்னாடி நின்னு யாரு கொட்டிட்டு மாத்துவாங்க?"

"அதுக்குத்தான் இன்னிக்கு சொல்றேன்."

இந்தப் பதில் போதாது என்று ஜெயசுதாவுக்கே தெரிந்தது.

நிலா போனை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் நடந்தபடி பேசினாள். திரும்பி வரப் பத்து நிமிடம் ஆயிற்று. சேரும் தேதியை ஒரு மாதம் தள்ளிவைக்கக் கேட்டிருக்கிறாள். ஒப்புக்கொண்டுவிட்டார்கள்.

"இந்த ஒரு மாசமும் ஊசி எடுக்கறப்ப நம்பர வாய்விட்டுப் படிக்கிறேன். தப்புன்னா அங்கேயே என்ன நிறுத்துங்க. எனக்குத் தெரியாம மட்டும் மாத்தாதீங்க."

"சரி."

ஜெயசுதா படிவத்தை டிராயரில் வைத்தாள். நிலா கிளம்பவில்லை.

"இன்னொண்ணு கேக்கணும்க்கா. நாலு வருசம் முன்னாடி இங்க மதுமிதான்னு ஒருத்தங்க இருந்தாங்களாமே. ஒரு பெரியவருக்கு இன்சுலின் கூடப் போட்டுட்டாங்கன்னு, பேஷன்ட பாக்க வந்தவங்க எல்லாரும் இருக்கறப்பவே அவங்கள வாங்கு வாங்குன்னு வாங்கனீங்களாம். நர்ஸ் வேலையே வேணாம்னு போய்ட்டு, இப்ப கடைவீதியில புடவைக் கடையில நிக்கறாங்களாம். அவங்கள ஒரே தப்புக்கு அப்படித் திட்டிட்டு, என்ன பதினோரு தப்புக்கும் ஏன் ஒரு வார்த்தகூடச் சொல்லல?"

ஜெயசுதா எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"எட்டு யூனிட் போட வேண்டியது. பதினெட்டு போட்டா. பெரியவரு வேர்த்துக் கொட்டி மயங்கி வுழுந்துட்டாரு. குளுக்கோஸ் ஏத்திக் காப்பாத்திட்டோம். மருந்துச் சீட்டுல அப்படித்தான் இருந்துச்சுன்னு அவ சொல்லினே இருந்தா. நான் காதுலயே வாங்கல."

"ம்."

"சாயந்தரம் அந்தச் சீட்ட எடுத்துப் பாத்தேன். பதினெட்டுன்னுதான் இருந்துச்சு. டாக்டர் எட்டுன்னு சொன்னத அப்படி எழுதனது நான்."

"அப்புறம் இன்னா பண்ணீங்க?"

"கிழிச்சிப் போட்டுட்டேன்."

நாலு வருடத்தில் ஜெயசுதா இதை வெளியே சொல்வது இதுதான் முதல்முறை. அந்த நாளுக்குப் பிறகு அவள் யாரையும் திட்டியதில்லை. பாராட்டுவதோடு சரி. தங்கமான குணம் என்று ஆஸ்பத்திரி முழுக்கச் சொன்னார்கள்.

"இது அவங்களுக்குத் தெரியுமா?"

ஜெயசுதா இல்லை என்று தலையசைத்தாள். கண் மேசையிலேயே இருந்தது.

நிலா பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"ஷிப்ட் முடிஞ்சிடுச்சு, எழுந்திருங்கக்கா" என்றாள். "நானும் கூட வரேன். மத்தியானத்துல அந்தப் புடவைக் கடையில கூட்டம் இருக்காது."