வாங்க, உட்காருங்க

கானா நாட்டு அக்ராவில் ஒரு மருத்துவமனைக்கான செயலி. முதல் திரையில் ஜிஃபா வரைந்த பச்சைக் கதவும் நாற்காலியும் மினுங்குகின்றன. மேலே "வாங்க, உட்காருங்க" என்று எழுதியிருக்கிறது. கதவைத் தொட்டால் டாக்டர்களின் பட்டியல் வரும். சோதித்துப் பார்க்க வந்திருக்கும் அடோலி, சந்தையில் புளித்த சோளமாவுக் கென்கி உருண்டை விற்பவள், கைபேசியை மடியில் வைத்து நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறாள். தொடவில்லை. சோதனையின்போது வடிவமைத்தவர் வாய் திறக்கக் கூடாது. ஜிஃபாவின் பல்லிடுக்கில் பேனா மூடி நசுங்குகிறது. கட்டட உள்ளலங்கார வேலையை விட்டுவிட்டு இந்தச் செயலி நிறுவனத்துக்கு வந்து மூன்று மாதம். அவளை வேலையில் வைத்துக்கொள்வதா என்று மேலாளர் எபோ இன்று முடிவு செய்கிறார். மின்விசிறி கரகரக்கிறது. இரண்டு நிமிடம் ஆகிவிட்டது.

"என்னக்கா, சும்மாவே இருக்கீங்க?" என்கிறார் எபோ.

"உட்காரச் சொல்லிச்சு, உட்கார்ந்துட்டேன். தண்ணி குடுக்கலை, போகட்டும். என்ன விஷயமா வந்தேன்னாவது கேக்கணும்ல? கேக்காமயே கதவைத் தள்ளிக்கிட்டு உள்ள போக நான் என்ன ஆடா?"

எபோ எழுதுவதை நிறுத்துகிறார். எட்டு வருடமாக ஜிஃபா அமைத்த ஒவ்வொரு வரவேற்பறையிலும், என்ன விஷயமாக வந்தீர்கள் என்று கேட்க, மேசைக்குப் பின்னால் ஒரு பெண் இருந்தாள். எந்த வரைபடத்திலும் ஜிஃபா அவளை வரைந்ததில்லை.