சங்குப்பிட்டிப் பாலத்தில் சோளகம்

"மாஸ்டர், பாருங்கோ! அவள் என்ர பிள்ளையைக் கரைக்கு நெருக்கிறாள்!"

ஓட்டத்துக்குப் பின்னால் போன வான் வண்டியிலிருந்து பாதி உடம்பை வெளியே நீட்டி இரஞ்சிதம் கத்தினார்.

சங்குப்பிட்டிப் பாலம். இரண்டு பக்கமும் கடல். சோளகக் காற்று வலப்பக்கத்தால் அடித்து வானையே உலுப்பிக்கொண்டிருந்தது.

மாகாண அணிக்கு ஆள் எடுக்கும் பெண்கள் சைக்கிள் ஓட்டம் அது. பரந்தனில் தொடங்கி, பாலத்தைக் கடந்து, திரும்பிப் பரந்தனிலேயே முடியும். முதலில் வரும் இரண்டு பேருக்குத்தான் அணியில் இடம்.

இப்போது திரும்பி வரும் வழி. மற்றவர்கள் எல்லாம் பின்னுக்கு. முன்னால் இரண்டே பேர்.

பாலத்துக் கம்பியோரமாக இரஞ்சிதத்தின் மகள் சிவதர்சினி. அவளுக்கு வலப்பக்கத்தில், தோளோடு தோள் முட்டுமாப்போல, போன வருசம் முதலாவதாக வந்த தேனுகா.

"முன்னுக்குப் போகவும் மாட்டாளாம், விலகவும் மாட்டாளாம். இதென்ன ஓட்டம் மாஸ்டர்?"

பக்கத்தில் இருந்த பயிற்சியாளர் தில்லைநாதனுக்கும் விளங்கவில்லை. தேனுகாவின் கால்களில் இன்னும் பலம் இருந்தது. நினைத்தால் விட்டுவிட்டுப் போகலாம்.

"பொறுங்கோ அக்கா. எனக்கு உங்கட மகளின்ர சில்லைப் பற்றித்தான் யோசனையாக் கிடக்கு."

சிவதர்சினியின் சைக்கிளுக்கு அன்றைக்கு அவர் இரவல் வாங்கிப் பூட்டிய சில்லுகள். காபன் ரிம், நாலு விரல் உயரம். நேராக ஓடினால் கத்திபோல வெட்டிக்கொண்டு போகும். பக்கத்தால் காற்று அடித்தால் மட்டும் பேய் பிடித்தமாதிரி. போகும்போது இதே பாலத்தில் ஒரு வீச்சுக்கு முன்சில்லு இழுபட்டு, நடுரோட்டுக்கே போய்த்தான் நிமிர்ந்தாள்.

திடீரென்று பெரிய வீச்சு ஒன்று வந்தது. தேனுகாவின் சைக்கிள் இடப்பக்கம் சரிந்தது. அவளுடைய முழங்கை சிவதர்சினியின் முழங்கையில் இடித்தது. இரண்டு பேரும் தடுமாறி நிமிர்ந்தார்கள்.

"ஐயோ, இடிச்சிட்டாள்! கடலுக்க தள்ளப் பார்க்கிறாள்!" இரஞ்சிதம் தலையில் அடித்துக்கொண்டார். "ஸ்கந்தபுரத்தில தோட்டம் கொத்துறவளின்ர பிள்ளை தன்னை வெல்லுறதோ எண்ட எரிச்சல் அவளுக்கு. நான் விடமாட்டன் மாஸ்டர். நடுவரிட்டைச் சொல்லத்தான் போறன்."

பாலம் முடிந்தது. பூநகரியில் பரந்தன் பக்கம் திரும்பியதும் காற்று முதுகுக்கு வந்தது.

சிவதர்சினி சீற்றை விட்டு எழும்பினாள்.

அதற்குப் பிறகு அவளைப் பிடிக்க ஆளில்லை. காபன் சில்லு இரண்டும் 'ஙொய்ங்' என்று இரைந்தன. வயல் வேலை செய்தவர்கள் மண்வெட்டியைப் போட்டுவிட்டு வரம்பில் ஏறி நின்று பார்த்தார்கள். தேனுகா கொஞ்சத் தூரம் விடாமல் துரத்தினாள். பிறகு அவளும் சின்னப் புள்ளியாகிப் பின்னுக்குப் போனாள்.

"உதைச்சு ஓடடி மோளே! உதை!" இரஞ்சிதம் அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் கத்தினார். தில்லைநாதன் வான் கதவில் தாளம் போட்டார்.

பரந்தன் சந்தியில் வெடி கொளுத்தினார்கள். முடிவுக் கோட்டைத் தாண்டும்போது சிவதர்சினி இரண்டு கையையும் மேலே தூக்கினாள். பின்னால் ஒருத்தரையும் காணவில்லை.

கொஞ்ச நேரத்தால் தேனுகா வந்தாள். இரண்டாமிடம். இறங்கியதும் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாள். பிடித்த பிடியில் விறைத்துப்போன விரல்களை ஒவ்வொன்றாக நிமிர்த்தினாள்.

மகளைக் கட்டிப்பிடித்துக் கொஞ்சிய கையோடு இரஞ்சிதம் நடுவரிடம் போனார்.

"சேர், இந்தப் பிள்ளை பாலம் முழுக்க என்ர மகளை மறிச்சுக்கொண்டு வந்தவள். முழங்கையால இடிச்சும் போட்டாள். நான் என்ர கண்ணால கண்டனான். இவளுக்கு இடம் குடுக்கக்கூடாது!"

சனம் கூடிவிட்டது. தேனுகா ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

"நீ கதையாதை!" இரஞ்சிதம் விடவில்லை.

நடுவர் தில்லைநாதனைப் பார்த்தார். "மாஸ்டர், நீங்களும் கண்டனீங்களோ?"

"ஓம். இடிச்சது உண்மைதான்" என்றார் அவர் தயக்கத்தோடு.

நடுவர் சிவதர்சினியைக் கூப்பிட்டார். "பிள்ளை, பயப்பிடாமல் சொல்லும். பாலத்தில தேனுகா மறிச்சவாவோ?"

"ஓம் சேர். மறிச்சவா."

"கேட்டியளோ சேர்!" என்றார் இரஞ்சிதம்.

தேனுகா தலையைக் குனிந்துகொண்டாள்.

சிவதர்சினி அவளுக்குப் பக்கத்தில் போய், அவளுடைய விறைத்த கையைப் பிடித்து எழுப்பினாள்.

"திரும்பி வரேக்க ரண்டுதரம் என்ர முன்சில்லு கம்பியில முட்டப் பாத்துது. நான் நல்லாப் பயந்திட்டன். நிப்பாட்டி இறங்குவம் எண்டு பிறேக்கைப் பிடிச்சனான். முன்னுக்குப் போன தேனுகா அக்கா அதைக் கண்டிட்டுத் தானாப் பின்னுக்கு வந்தவா. 'இறங்காதை, காத்து உன்னை விழுத்தி நான் வெல்லுறது ஒரு வெற்றியோ?' எண்டு கேட்டவா."

பிடித்த கையைத் தன் கையோடு சேர்த்து, சனம் எல்லாம் பார்க்க உயரத் தூக்கினாள்.

"பாலம் முடியுமட்டும் அவா மறிச்சது என்னை இல்லை அம்மா, காத்தை."