தூக்கிய கால்

ராட்சத மிருகங்கள் மோதும் வீடியோ கேம் ஒன்றுக்கு ஜெயசீலன் விமர்சனம் எழுதிக்கொண்டிருந்தான். "கட்டடங்கள் அப்பளமாய் நொறுங்குகின்றன" என்று மெச்சிவிட்டு, படம் எடுப்பதற்காக, மிருகம் காலைத் தூக்கிய நேரத்தில் ஆட்டத்தை நிறுத்தும் பொத்தானை அழுத்திப் பிடித்தான். விரலை எடுத்தால் கால் இறங்கிவிடும். நகரமே உறைந்து நின்றது. காலின் நிழல் விழுந்த மொட்டைமாடியில் எறும்பளவு பெண் ஒருத்தி மட்டும் அசைந்தாள். அண்ணாந்து பார்த்தவள், மழை என்று நினைத்தாளோ என்னவோ, கொடியில் காய்ந்த துணிகளை அவசர அவசரமாக உருவினாள். திரையருகே குனிந்தவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் தோளில் கிடந்தது அவனுடைய கிழிந்த பச்சை லுங்கி. ஜன்னலில் வெயில் மங்கியது. மாடியிலிருந்து மனைவி பியூலா கத்தினாள்: "ஏங்க, திடீர்னு இருட்டிக்கிட்டு வருது! அந்த கேம விட்டுட்டு வந்து ஒரு கை குடுங்க!"