வெள்ளைப் பீங்கான்

சிமென்ட் ஆலைக்குப் பக்கத்து மின்கோபுரத்தில் ஒரு வெள்ளைப் பீங்கான் தொங்கியது. கம்பியில் ஓடும் மின்சாரம் கோபுரத்துக்குத் தாவாமல் தடுப்பதுதான் அதன் வேலை.

மழை பெய்து நான்கு மாதமாகியிருந்தது. பீங்கான் மேல் ஆலைத் தூசி அடை அடையாகப் படிந்திருந்தது.

"கொஞ்சம் இறங்கிப் போயேன்" என்றது பீங்கான்.

"நான் உன்னை என்ன பண்ணேன்? சும்மாதானே உட்கார்ந்திருக்கேன்" என்றது தூசி.

அது உண்மைதான். காய்ந்த தூசியால் ஆபத்தில்லை. நனைந்தால்தான் அது மின்சாரத்துக்குப் பாதை போட்டுக் கொடுக்கும்.

பீங்கான்களைக் கழுவ வேண்டுமா என்று பார்க்க மின்வாரிய மேற்பார்வையாளர் வந்தார். கீழே நின்றபடியே அண்ணாந்து பார்த்தார். "வெள்ளை வெளேர்னு இருக்கு. எதுக்குக் கழுவணும்?" என்று எழுதிக்கொண்டு போனார். கீழேயிருந்து பார்த்தால் சிமென்ட் தூசியும் வெளுப்புத்தான்.

மறுநாள் விடியலில் மூடுபனி வந்தது. "ஐயோ பாவம், முகத்தைத் துடைச்சு விடட்டுமா?" என்றது.

"வேண்டாம் தாயே. மழையாக் கொட்டிக் கழுவி விடுறதா இருந்தா கொட்டு. இல்லேன்னா தொடாமப் போயிடு."

"கொட்டுற அளவுக்கு எங்கிட்ட ஏது தண்ணி? என்னால முடிஞ்சதைச் செய்யறேன்."

மூடுபனி பரிவோடு தடவியது. ஈரத் தூசியில் மின்சாரம் சீறிப் பாய்ந்தது. பீங்கான் வெடித்துச் சிதறியது. ஊரே இருண்டது.

வெயில் ஏறியதும் மூடுபனி சொல்லாமல் போய்விட்டது. மேற்பார்வையாளர் வந்து ஒரு சில்லை எடுத்துப் புரட்டினார். விரலெல்லாம் தூசி ஒட்டியது. அதைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு, "பீங்கான் தரமில்லை" என்று எழுதினார்.